இருநூற்றுப் பதினாலுக்குப் பிறந்த பெண்

மில்லின் விடியற்காலைச் சங்கு ஊதுமுன்பே காத்தவராயன் பஞ்சுப் பொதியின் இரும்புப் பட்டையை வெட்டிக்கொண்டிருந்தான். பொதி பிளந்தால் பஞ்சு பறக்கும். மூக்கில், புருவத்தில், கஞ்சிக் கலயத்தில். பதினாறு வருஷமாக அதைத்தான் சுவாசித்து வந்தான். அவன் மூன்று தும்மல் போட்டால் ஒரு துண்டு நெய்துவிடலாம் என்று புதுச்சேரியில் சொல்வார்கள். அது புளுகு. துண்டுக்கு ஐந்து தும்மல் வேண்டும்.

சில மாதங்களாகத் தும்மலோடு இருமலும் சேர்ந்தது. இருமலோடு கொஞ்சம் சிவப்பும். ஆகவே அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்த பித்தளை வில்லையைச் சுமங்கலி தாலியைக் காப்பதுபோலக் காத்தான்.

முன்பெல்லாம் மில் மருந்துச்சாலையில் எல்லோருக்கும் ஒரே கசப்புத் தண்ணீர், காசு கிடையாது. தலைவலிக்கும் அதுதான், கால் உடைந்தாலும் அதுதான். முப்பத்தாறாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் முதலாளி சீர்திருத்தம் செய்தார். நிரந்தர ஆட்களின் கூலியில் மாதாமாதம் பிடித்தம். பதிலுக்கு நம்பர் போட்ட வில்லை. வில்லையைக் காட்டினால் நல்ல வைத்தியம். வில்லை இல்லாத, ஆள் குறைந்தால் மட்டும் வேலை கிடைக்கும் பதிலி ஆட்களுக்கோ ஒரு கட்டுப் போட ஒரு வாரக் கூலி. மில்லில் பாதிப் பேருக்கு மேல் பதிலிகள். அவர்களுக்கு நோயே வரக்கூடாது என்று ஓர் உத்தரவும் போட்டிருக்கலாம், மறந்துவிட்டார்.

தொழிலாளிகள் வழி கண்டுபிடித்தார்கள். தெருக்கிணற்றுக் கயிறு யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் வேண்டியவர் இறைத்துக்கொள்வார். வில்லையும் அப்படியே கைமாறியது. கம்பவுண்டர் அமலநாதன் வில்லையையும் பார்த்தார், ஆளையும் பார்த்தார். பொய்ப் பேர் எழுதினால் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் மாதா கோயில் சாமியாரிடம் சொல்ல வேண்டிவரும். ஆகையால் பேரை விட்டுவிட்டு, வில்லை நம்பரையும் நோயையும் மட்டும் உள்ளபடி எழுதி வந்தார். அந்தச் சத்தியம்தான் வினையாயிற்று.

அன்று காலை ஏழு மணிக்கு, பஞ்சு சீவும் இயந்திரத்தில் அஞ்சலாட்சியின் வலக்கை சிக்கியது. ரெட்டியார்பாளையத்திலிருந்து நடந்துவரும் பதிலிப் பெண். கம்பிப் பற்கள் மூன்று விரல்களை எலும்புவரை சீவிவிட்டன. காத்தவராயன் அவளைத் தாங்கிக்கொண்டு மருந்துச்சாலைக்கு ஓடினான். முடிச்சை அவிழ்த்து வில்லையை மேசைமேல் வைத்தான்.

அமலநாதன் காயத்தைக் கழுவினார். "இப்பவே தைக்கணும். பத்து நாளு விடாம கட்டணும். விட்டா புரையோடிப் போவும், கையவே எடுக்கணும்."

ஊசியில் நூல் கோத்த நேரம், நோயாளிப் பதிவேட்டோடு முதலாளி உள்ளே வந்தார். பிரெஞ்சுக்காரர், எல்லோருக்கும் அவர் முசே. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது அவருடைய சமையல்காரன். சாந்தமாக இருந்தால் வராது, கோபத்தில் கொட்டும்.

"நிறுத்து! இருநூத்திப் பதினாலு எவன்டா?"

"நான்தாங்க முசே," என்றான் காத்தவராயன்.

"ஒரே மாசத்துல உனக்குக் கக்குவான், காமாலை, கால் முறிவு. பத்தொம்பதாம் தேதி பிரசவம்!"

"ஆமாங்க முசே. பொண்ணு."

வாசலில் கூடியவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். முதலாளி சிரிக்கவில்லை. காத்தவராயனும் சிரிக்கவில்லை, தொண்டையில் இருமல் முட்டிக்கொண்டு நின்றது.

"இது யாரு கை?"

அஞ்சலாட்சியின் விரல் நுனியிலிருந்து ரத்தம் தரையில் சொட்டியது.

"என்னுதுதாங்க."

"உனக்கு இனிமே வில்லையும் கெடையாது, வேலையும் கெடையாது. வெளிய போ! இவ காசு கட்டட்டும், இல்ல இவளும் போவட்டும்."

"காசு சம்பாரிக்கிற கையத்தான் உங்க மிஷினு தின்னுடுச்சே முசே," என்றாள் அஞ்சலாட்சி. பிறகு மெதுவாக, "வில்லைய எடுத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுடுண்ணே. உன் நெஞ்சு நோவு எனக்குத் தெரியும்."

காத்தவராயனின் கை நீண்டது. குளிர்ந்த பித்தளை விரலில் பட்டது. எடுக்கத்தான் மனசு. ஆனால் அதைக் கம்பவுண்டர் பக்கம் ஓர் அங்குலம் தள்ளினான்.

"தையிங்கய்யா. எனக்கு வலிக்குது."

நூல் சுற்றும் ரோசா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். நிரந்தர வேலைக்காரி, அதுவரை வில்லையை ஒருவருக்கும் கொடுத்தறியாத கருமி. அதை மேசைமேல் ஓங்கி வைத்தாள்.

"அது என் கை முசே."

"போடி, என்னுது," என்றான் தறிக்காரன் கொளஞ்சி. அவனுடைய வில்லையும் விழுந்தது.

அப்புறம் வில்லைகள் விழுந்தபடியே இருந்தன. பாரம் தாங்காமல் மேசையின் கால் வளைந்துவிட்டது என்பார்கள். மேசை பழசு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொன்றாக இயந்திரங்கள் நின்றன. மில் கட்டிய பிறகு முதல் தடவையாக உள்ளே கடல் இரைவது கேட்டது.

"அமலநாதன்! கை யாருதுன்னு பேரெழுது!" பதிவேடு மேசைமேல் வந்து விழுந்தது.

"இத்தினி பேரு தன்னுதுங்கறாங்க முசே. ஒருத்தர் பேர மட்டும் எழுதினா பொய்யாயிடும்." ஊசியைச் சதையில் இறக்கினார். அஞ்சலாட்சி பல்லைக் கடித்தாள்.

"பதிலிங்களுக்கும் வில்லை குடுங்க. அதுவரைக்கும் மிஷின் ஓடாது," என்றான் காத்தவராயன்.

முதலாளி சிப்பாய்களுக்குச் சொல்லியனுப்பப் போனார். வெளிக்கதவு பூட்டப்படும் சத்தம் கேட்டது. யாரும் நகரவில்லை, மருந்துச்சாலையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பத்து நாள் கட்டுகளில் முதல் கட்டு முடிந்திருந்தது.

அடக்கிவைத்த இருமல் அப்போதுதான் வெடித்தது. காத்தவராயனின் துண்டில் சிவப்பு படர்ந்தது. அமலநாதன் பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

"இந்த இருமல் யாருது?"

தெருவில் பூட்ஸ் சத்தம் நெருங்கியது. வில்லையே இல்லாத பதிலி ஆட்கள்தான் முதலில் எழுந்தார்கள்.

"எங்களுது."