காலி மாடி

மாடிப்படியில் பாதி ஏறியபோதே உப்பு வாடை மூக்கைத் தொட்டது. காவ்யா கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். தோள்பையில் மீட்டர், பேனல் துடைக்கும் துணி, நான்காய் மடித்த புகார்த் தாள். புகார் சவூதியிலிருந்து வந்திருந்தது. கலீல் ரஹ்மான் அங்கே உட்கார்ந்தபடியே, கட்டுமாவடியில் தன் வீட்டு மாடியில் போட்டிருக்கும் சோலார் தினமும் எத்தனை யூனிட் எடுக்கிறது என்று செல்போனில் பார்க்கிறவன். பதினைந்து நாளாகப் பாதிதான் வருகிறது, வெள்ளிக்கிழமை மட்டும் ஒழுங்காக இருக்கிறது என்று புதுக்கோட்டைக் கடைக்கு எழுதியிருந்தான்.

"ஊரெல்லாம் வெள்ளிக்கிழம லீவு விட்டா, இந்தப் பேனலு அன்னைக்குத்தான் வேலைக்கு வருது போல" என்றான் உடன் வேலை பார்க்கும் நிலவழகன். கடையே சிரித்தது. காவ்யா மட்டும் சிரிக்காமல் புகார்த் தாளை நான்காய் மடித்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவள் இந்த மாடியை அளக்க வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். இந்தத் தெருவில் அன்றைக்கு யாரும் கடலுக்குப் போவதில்லை, முந்தின நாளே காய்ந்த மீனை அள்ளிவிட்டு மாடியைக் கழுவி விடுவார்கள் என்பது வல்லத்திராக்கோட்டையில் கடலை வயலுக்கு நடுவே வளர்ந்தவளுக்குத் தெரியாது. எதையும் இரண்டு தடவை அளப்பது அவள் வழக்கம். தண்ணீர்த் தொட்டியின் நிழல் சாயங்காலம் எதுவரை விழும், பக்கத்து வீட்டுத் தென்னை இன்னும் எவ்வளவு வளரும், உப்புக் காத்துக்கு எந்தக் கம்பி தாங்கும், எல்லாம் எழுதினாள். சர்வே படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது: மாடி இப்போது எதற்குப் பயன்படுகிறது?

"சும்மாதான் கெடக்கு மேடம்" என்றான் வீடியோவில் கலீல்.

அவன் சொன்ன அந்த நேரத்தில் அவள் கண் தண்ணீர் வடியும் ஓட்டையின் மேல்தான் இருந்தது. அதன் விளிம்பில் மீன் செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. தளத்தில் கழுவியும் போகாத உப்பு, வெள்ளைத் திட்டுத் திட்டாய்ப் பூத்திருந்தது. கலீலின் அம்மா சாரா உம்மாள் படிக்குக் கீழே டீயோடு நின்றிருந்தாள். குனிந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது மூன்றரைக்கு. கையெழுத்துப் போடப்போகிறவன் மகன். காவ்யா ‘காலி’ என்று எழுதினாள். தெரியாமல் எழுதியது என்று பிறகு பலமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அது உண்மையில்லை என்பதும் ஒவ்வொரு முறையும் கூடவே தெரிந்தது.

மேலே ஏறினாள். ஆறு பேனல்களில் நான்கின் மேல் பழைய வலை விரித்து, அதில் நெத்திலி பரப்பியிருந்தது. சாரா உம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு, பக்கவாட்டில் எக்கி மீனைப் புரட்டிக்கொண்டிருந்தாள். காவ்யாவைப் பார்த்ததும் கை நின்றது.

"வந்துட்டியா புள்ள. எவனாச்சும் வருவான்னுதான் இருந்தேன். ஒன்னையே அனுப்பிட்டாங்களா?"

"பேனலு மேல போடக் கூடாதும்மா. கெட்டுப்போயிரும்."

"கீழ போட்டுப் பாத்தேன். ஒங்க பலகை நெழல்ல காய மாட்டேங்குது, ஈ மொய்ச்சுப் புழுத்துப்போச்சு. ரெண்டு கூடை மீன கடல்லயே கொட்டுனேன்."

"கடக்கரையில..."

"மணல்ல காயப்போடுறவங்க நூறு பேரு இருக்காங்க. மாடிக் கருவாடு, வாயில மண்ணு கடிபடாதுன்னுதான் அறந்தாங்கி சந்தையில என்னைத் தேடி வாராங்க. கலீலோட அத்தா மவுத்தாயி போய்ச் சேந்ததுலேருந்து இந்த மாடிதான் எங்களுக்குச் சோறு போட்டுச்சு." அவள் பேனலை உள்ளங்கையால் தடவினாள். "கோவிச்சுக்காத, இது தளத்தவிட நல்லா சுடுது. ஒரே நாள்ல காஞ்சுருது."

காவ்யாவுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். அவள் பையிலிருந்து மீட்டரை எடுத்தாள்.

"அன்னைக்கே செதிலப் பாத்தேம்மா."

சாரா உம்மாள் திரும்பினாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி அவளையே பார்த்தாள்.

"பாத்தியா? நான் டீய வச்சுக்கிட்டு அங்கிட்டுத்தானே நின்னேன்."

சொல்லிவிட்டு மறுபடி மீனைப் புரட்டத் திரும்பினாள். திட்டியிருந்தால் தேவலை.

போன் அடித்தது. கலீல். காவ்யா மீட்டரைப் பிடித்திருந்த கையாலேயே ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"என்ன மேடம், எதுல பால்ட்டு?"

உப்புக் காத்தில் அழுக்குப் படிந்திருக்கிறது, கழுவினால் சரியாகிவிடும் என்று சொல்லலாம். பஸ்ஸில் வரும்போதே தயார் செய்துவைத்த பதில் அது.

"பேனல்ல பால்ட்டு இல்ல சார். சர்வேல தப்பு. மாடி காலின்னு நான் எழுதுனேன். காலி இல்லன்னு தெரிஞ்சே எழுதுனேன். இங்க அம்மா மீன் காயப்போடுறாங்க. அவங்களுக்கு எடம் விட்டு மாத்திப் போடணும்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீங்க ஏன் மேடம் தப்ப ஏத்துக்கிறீங்க. நான்தானே காலின்னு சொன்னேன்." குரல் இறங்கியது. "பொண்ணு வீட்டுக்காரங்க வர்றேன்னுருக்காங்க. படியேறுனாலே கருவாட்டு வாடை. சொன்னா அம்மா கேக்க மாட்டாங்க. சோலாரப் போட்டுட்டா எடம் இருக்காது, தானா விட்டுருவாங்கன்னு..."

ஸ்பீக்கரை அணைக்க அவள் விரல் ஓடியது. அதற்குள் எல்லாம் காதில் விழுந்துவிட்டது. சாரா உம்மாளின் கை வலைக்கு மேலேயே நின்றது. இந்த ஒரு விரல் தட்டலையும் சேர்த்துத் தன் கணக்கில்தான் எழுதவேண்டும் என்று காவ்யா நினைத்தாள்.

"அம்மா பக்கத்துல இருக்காங்களா?" என்றான் அவன்.

சாரா உம்மாள் செதிலும் உப்பும் அப்பிய இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"காதுல வையி புள்ள."

காவ்யா போனை அவள் காதோடு சேர்த்துப் பிடித்தாள். அவன் என்ன சொல்கிறான் என்பது இப்போது கேட்கவில்லை. சாரா உம்மாள் "ம்" என்றாள். சற்றுக் கழித்து இன்னொரு "ம்". குனிந்து, விட்ட இடத்திலிருந்து மீனைப் புரட்டத் தொடங்கினாள். ஒரு பேனல் முடிந்து அடுத்ததுக்கு அவள் நகர, போன் நழுவாமல் காவ்யாவும் கூடவே குனிந்து பக்கவாட்டில் அடி வைத்தாள். கீழே அவர்கள் நிழல் ஒரே நிழலாய், பேனலின் நிழலுக்குள் போவதும் வெளியே வருவதுமாக நகர்ந்தது. மூன்றாவது பேனலில் பாதியில் சாரா உம்மாள் நிமிர்ந்தாள். "மாடி காலி இல்லப்பா" என்றாள்.