செவலையின் கழுத்து

காலை ஆறரை மணிக்கு அப்துல் ஷுக்கூரின் டீக்கடையில் லாகூர் விழுந்தது. ஏழு மணிக்குக் கராச்சியும் விழுந்தது. இரண்டையும் பிடித்தவர் நஞ்சப்பன். நரிமேட்டிலிருந்து கம்பைநல்லூர் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்க மட்டும் அவரால் ஒரு நாளும் முடிந்ததில்லை.

1987 ஜனவரியின் கடைசி வாரம் அது. ராஜஸ்தான் பக்கம் நம் படை பெரிய பயிற்சி நடத்துவதாகப் பேப்பரில் போட்டிருந்தது. வெறும் பயிற்சிதான் என்றார்கள் நம்மவர்கள். அதைப் பார்த்து பக்கத்து நாட்டுப் படையும் எல்லைக்கு வந்தது. வெறும் பாதுகாப்புதான் என்றார்கள் அவர்கள். அந்தப் பாதுகாப்பைப் பார்த்து நம் பக்கம் இன்னும் கொஞ்சம் படை நகர்ந்தது. இப்படியாக, யாருக்குமே சண்டை வேண்டாம் என்ற நிலையில் லட்சக்கணக்கான பேர் துப்பாக்கியோடு எதிரெதிரே நின்றார்கள்.

"ஒரே அடி! மேப்புலயே அவன் இருக்கக் கூடாது!" என்று நஞ்சப்பன் பெஞ்சில் குத்தினார். டம்ளர் சாய்ந்து வேட்டி நனைந்தது. போரின் முதல் சேதம் அதுதான்.

ஈர வேட்டியோடு இருப்பவனுக்கு யார் மேலாவது கோபம் வரவேண்டும். "ஏம் பாய், நீ எந்தப் பக்கம்?" என்றார்.

இந்தக் கேள்வியை அறுபத்தைந்திலும் எழுபத்தொன்றிலும் கேட்டுப் பழகியவர் ஷுக்கூர். பால் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்கப்பனும் தாத்தனும் படுத்திருக்கறது கம்பைநல்லூர் மண்ணுலங்க. நான் அவங்க பக்கம். வேட்டி குடிச்சதுக்குப் பதிலா இன்னொரு டீ போடட்டுங்களா?"

அந்த நேரத்தில் பாஞ்சாலி பால் ஊற்ற வந்தாள். புருஷன் இல்லாதவள். அவளுக்கு இருந்தது ஒரு கறவை மாடு, செவலை என்று ஓர் எருது, கோவிந்தன் என்று ஒரு மகன். கோவிந்தன் பட்டாளத்தில் இருந்தான். பொங்கலுக்கு வருவதாக இருந்த லீவு ரத்தாகி, இப்போது ராஜஸ்தான் மணலில் நின்றுகொண்டிருந்தான். 'இங்கே பயிற்சி என்கிறார்கள் அம்மா. ஆனால் கொடுத்திருக்கும் குண்டு நிஜம்' என்று கடிதம் எழுதியிருந்தான்.

"அண்ணா, மேப்புல அழிக்கறப்ப எம்மவன் நிக்கற எடத்தப் பாத்து அழிங்க" என்றாள்.

"பெருமப்படு பாஞ்சாலி! நாட்டுக்காக நிக்கறான்."

"நிக்கறதுல பெருமதாங்க. வூடு திரும்பினான்னா இன்னும் பெருமையா இருக்கும்."

அவன் திரும்ப வேண்டும் என்றுதான் அந்த வருட எருதாட்டத்துக்குச் செவலையை விடுவதாக மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள்.

எருதாட்டம் நரிமேட்டுக்கும் ஏரிக்கு அக்கரையிலிருக்கும் ஓணாம்பாறைக்கும் பொது. எருதின் கழுத்தில் இரண்டு நீளக் கயிறு. முன்கயிறு நரிமேட்டான் கையில், பின்கயிறு ஓணாம்பாறையான் கையில். வைக்கோல் பொம்மையைக் காட்டினால் எருது துள்ளும். கூட்டத்தின் மேல் பாய்ந்தால் மட்டும் ஒரு பக்கம் லேசாக இழுத்து நிறுத்துவார்கள். மற்ற நேரமெல்லாம் கயிறு தொய்ந்தே கிடக்க வேண்டும். தொய்வு இருந்தால்தான் ஆட்டம்.

ஆனால் அந்த வாரம் ஊரில் வீரம் கொஞ்சம் மிஞ்சிப்போயிருந்தது. கயிறு பிடிக்க ஒரு பக்கத்துக்கு எட்டுப் பேர் போதும். "நம்மூரு கெத்தக் காட்டணும்" என்று நஞ்சப்பன் பத்துப் பேரைக் கூடுதலாகச் சேர்த்து ஏரிக்கரையில் பழக்கினார். வெறும் பயிற்சிதான் என்றார். அக்கரையிலிருந்து அதைப் பார்த்த ஓணாம்பாறைப் பச்சியப்பன் முப்பது பேரைச் சேர்த்தார். வெறும் பாதுகாப்புதான் என்றார். நஞ்சப்பன் தென்னங்கயிற்றைத் தூக்கிப்போட்டுவிட்டு லாரிக்கயிறு வாங்கினார். மறுநாள் ஓணாம்பாறையிலும் லாரிக்கயிறு வந்தது. இன்னும் நான்கு நாள் இருந்திருந்தால் இரண்டு ஊரும் லாரியே வாங்கியிருக்கும்.

திருவிழா அன்று மத்தியானம் கோயில் மைதானத்தில் செவலை இறங்கியது. போட்டியில் ஆள் ஏறி ஏறி, முன்னால் நாற்பது பேர், பின்னால் நாற்பது பேர். பம்பை முழங்கியது. பொம்மையை ஆட்டினார்கள். செவலை ஓரடி வைத்தது. அதற்குமேல் வைக்க முடியவில்லை. இரண்டு கயிறும் கம்பிபோல் விறைத்து நின்றன.

"அவனுங்கள மொதல்ல தளத்தச் சொல்லு!" என்றார் நஞ்சப்பன்.

"நாங்க ஏன்யா தளத்தணும்? நீ தளத்து!" என்றார் பச்சியப்பன்.

இருவரும் நியாயமாகவே பேசினார்கள். நடுவில் இருந்த செவலையின் கண் பிதுங்கியது. வாயில் நுரை தள்ளியது. முன்னங்கால் மடிந்து மண்ணில் முட்டி போட்டது. பம்பைக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். "வுட்டுடாதீங்கடா, மானம் போயிரும்!" என்ற சத்தம் மட்டும் இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டது.

கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு பாஞ்சாலி ஓடிவந்தாள். கோயில் வாசலில் தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாள் அவள் கையில் இருந்தது.

"அப்பிடிப் போடு பாஞ்சாலி! அவனுங்க கவுத்த அறு!" என்று நஞ்சப்பன் குதித்தார்.

அவள் நரிமேட்டுக் கயிற்றில் ஒரே வெட்டு வெட்டினாள்.

அடுத்த கணம் நரிமேட்டு வீரர்கள் நாற்பது பேரும் மல்லாக்க விழுந்தார்கள். எதிர்ப்பக்கம் இழுக்க ஆளில்லாததால் ஓணாம்பாறை நாற்பதும் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். எண்பது மானமும் ஒரே புழுதியில் கிடந்தது. செவலை தள்ளாடி எழுந்தது. மூச்சு வாங்கியது. யாரையும் முட்டாமல், கயிற்றை இழுத்துக்கொண்டு ஏரியில் தண்ணீர் குடிக்கப் போய்விட்டது.

"துரோகி!" நஞ்சப்பன் மண்ணைத் துப்பினார். "மவன பட்டாளத்துல வச்சிக்கிட்டு சொந்த ஊரு கவுத்தையே அறுத்துட்டியே!"

"பட்டாளத்துல இருக்கறதாலதான்யா அறுத்தேன்!" அரிவாளைக் கீழே போடாமலே சொன்னாள். "அக்கரையூரு கவுறு எனக்கு எட்டாது. எங்கூரு கவுறு எட்டும், அறுத்தேன். மொதல்ல தளத்துனா மானம் போயிருமா? இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தா செவல செத்துருக்கும். செத்த மாட்ட ஆளுக்குப் பாதி தூக்கிட்டுப் போயி ஜெயிச்சோம்னு கொண்டாடுவீங்களா? அங்கயும் இப்பிடித்தான் ரெண்டு பேரும் இழுத்துக்கிட்டு நிக்கறாங்க. நடுவுல எம்மவன். எதுத்தாப்புல இன்னொருத்தி மவன். பெரும உங்களுது, கழுத்து எங்களுதா?"

வேட்டியைத் தேடும் வேலை பலருக்கு இருந்தது.

பிப்ரவரியில் இரண்டு நாட்டாரும் உட்கார்ந்து பேசினார்கள். படைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தன. யார் மானமும் போனதாகப் பேப்பரில் செய்தி இல்லை. 'சித்திரைக்கு வருகிறேன்' என்று கோவிந்தன் எழுதினான். கடிதம் வந்த அன்று பாஞ்சாலி, செவலையின் கழுத்திலிருந்து கழற்றிய லாரிக்கயிற்றுச் சுருக்கைக் கொண்டுவந்து டீக்கடை ஆணியில் மாட்டினாள்.

மறுநாள் காலை நஞ்சப்பன் பெஞ்சில் அமர்ந்து தொண்டையைக் கனைத்தார். "இந்த வாட்டி தப்பிச்சுட்டான். அடுத்த வாட்டி மட்டும் வாலாட்டட்டும்..."

ஷுக்கூர் ஆணியிலிருந்த சுருக்கை எடுத்து டீக்குப் பக்கத்தில் மரியாதையாக வைத்தார். "தாராளமாப் பேசுங்க. இதக் கழுத்துல மாட்டிக்கிட்டுப் பேசுவீங்களாம். பாஞ்சாலி உத்தரவு."

நஞ்சப்பன் அதைப் பார்த்தார். செவலையின் மயிர் நாலைந்து அதில் இன்னும் ஒட்டியிருந்தது. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "வெயில் இப்பவே ஏறிப்போச்சு இல்ல பாய்?" என்றார்.

பாலை அளந்துகொண்டிருந்த பாஞ்சாலி நிமிராமலே சொன்னாள்:

"கவுறு புடிக்கறவன் கழுத்துல கவுறு கெடயாது. அதனாலதான்யா சண்ட போடுறது இம்புட்டு சுளுவா இருக்குது."