நாலு பேருக்கு முன்னால் அண்ணன்

ஓட்டல் படுக்கை விரிப்பை ஒற்றை ஆளாக மடிக்க முடியாது. இந்தப் பக்கம் இரண்டு மூலை, அந்தப் பக்கம் இரண்டு மூலை. உதறி, மடித்து, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்க்க வேண்டும். அந்த வெளிநாட்டுச் சலவைக்கூடத்தில் வாயாடி என்று பேர் வாங்கியவளுக்கு எதிர்ப்பக்கம் நின்றவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர். நாள் முழுக்க இப்படி நடந்து வந்து விரல் தொட்டுக்கொண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று.

ஆகக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். வேலை பர்மிட்டில் வந்தவர்கள் உழைக்கலாம், உண்ணலாம், உறங்கலாம். ஒருவரையொருவர் கல்யாணம் கட்டிக்கொள்ளக் கூடாது. தெரிந்தால் இரண்டு பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். கை மட்டும் வரட்டும், மனசை வீட்டில் வைத்துவிட்டு வா என்று ஆள் கேட்கிறவர்களை என்னவென்று சொல்வது!

அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதனால் யோசனையும் அவளுடையதே.

"நாலு பேருக்கு முன்னால உங்கள அண்ணான்னு கூப்பிடுறேன். யாருக்கும் சந்தேகம் வராது."

"எருமைன்னுகூடக் கூப்பிடு. அது மட்டும் வேணாம்."

"வெறும் வாய் வார்த்தைதானே! பர்மிட் முடியட்டும், ஊருக்குப் போனதும் வாய் நிறைய 'என்னங்க'ன்னு கூப்பிடுறேன்."

சொன்னதைச் செய்தாள். "அண்ணா, அந்த மூலையப் பிடிங்க", "அண்ணா, சாப்பிட்டீங்களா" என்று கூடமே கேட்கக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் முகம் போகிற போக்கைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அந்த வருட மருத்துவப் பரிசோதனையில் அவன் நெஞ்சுப் படத்தில் ஒரு நிழல் தெரிந்தது. நோயாளிக்குப் பர்மிட் கிடையாது. என்ன நோய் என்று பார்க்கக்கூடப் பொறுமையில்லை. அன்றைக்கே விமானத்தில் ஏற்றிவிட வேன் வந்து நின்றது. மடியில் பையோடு அவனை மேற்பார்வையாளர் அறையில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் போட்டது போட்டபடி ஓடி வந்தாள்.

"இவருக்கு நீ என்னம்மா வேணும்?" என்றார் மேற்பார்வையாளர். கெட்ட மனிதர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டார். "கட்டிக்கப் போறவளா இருந்தா சொல்லு. வேன நிறுத்தி வைக்கிறேன், தனியாப் பேசிக்கங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்."

அவன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கோ அம்மாவும் தம்பிகளும் கண்முன் வந்து நின்றார்கள்.

"அண்ணன் சார்."

அவன் எழுந்து பையைத் தோளில் போட்டுக்கொண்டான். "ஆமா சார், தங்கச்சிதான். உடம்பப் பாத்துக்கம்மா."

கண்ணடிப்பான் என்று காத்திருந்தாள். அடிக்கவில்லை.

நிழல் என்றது எப்போதோ வந்து ஆறிப்போன சளியின் தழும்பாம். ஊரில் காட்டிவிட்டு அவன் போனில் சொன்னான். "பயந்துட்டேங்க, மன்னிச்சிருங்க" என்று அழுதாள். "தெரியும்மா, நான் ஒண்ணும் நினைக்கல" என்றான். அந்த 'ம்மா' அதற்கப்புறம் அவன் பேச்சை விட்டுப் போகவே இல்லை. வேலையை உதறிவிட்டு அவள் அன்றே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இந்த வேலை போனால் இன்னொரு வேலை; இவன் போனால் இன்னொருவன் இல்லை என்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

அவள் பர்மிட்டைப் புதுப்பித்த வாரம் அவனே கூப்பிட்டான்.

"எனக்குப் பேசி முடிச்சிருக்காங்கம்மா. மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவங்க யாருன்னு பொண்ணு வீட்டுல கேட்டாங்க. தங்கச்சி ஒருத்தி இருக்கா, லீவு கிடைக்காது, கல்யாணத்துக்கு வர முடியாதுன்னு சொல்லிட்டேன்."

குத்திக் காட்டுகிறானா என்று அவன் குரலில் தேடிப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது சண்டை போட்டிருப்பாள். அது நிஜமாகவே அண்ணன் குரலாக இருந்தது.

"அண்ணி பேரு என்ன?" என்று கேட்டாள்.