ஒரு கிளாஸ் டீக்கு ஒரு மரம்

வாப்பாவின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்குமுன் அனஸ் வாசலில் நின்று கேட்டான். "எங்க வாப்பா யார் மனசையாவது நோகடிச்சிருந்தா, அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடுங்க."

"பொறுத்துக்கிட்டோம்" என்றது தெரு. பக்கத்து வீட்டு அம்பலவாணன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலுக்குள் நின்ற கமர் நிஷா அதைக் கவனித்தாள். அவர் பொறுக்காமல் தன் மனுஷனை எப்படி மண்ணுக்கு அனுப்புவது?

எல்லாம் அந்த யுத்தத்தால் வந்தது. இரண்டு அண்டை நாடுகள் அடித்துக்கொள்வதை டிவியில் பார்த்துவிட்டு அவள் புருஷனும் அம்பலவாணனும் தினமும் மல்லுக்கு நிற்பார்கள்.

"மொதல்ல அடிச்சவன் மேலதான் முழுத் தப்பும்" என்பார் உமர் பாரூக்.

"ஒரு அடிக்கு ஊரையே கொளுத்துவானோ? அளவு வேண்டாமா வே?" என்பார் அம்பலவாணன்.

ஒருநாள் பேச்சு முற்றி, பாரூக் கையிலிருந்த டீயை அம்பலவாணனின் வெள்ளைச் சட்டையில் ஊற்றிவிட்டார். மறுநாள், மதிலோரம் காய்த்துத் தொங்கிய பாரூக்கின் முருங்கை மரத்தை அம்பலவாணன் அடியோடு வெட்டிச் சாய்த்தார். முதல் அடியைக் குற்றம் சொன்னவர் முதலில் அடித்தார். அளவு பேசியவர் அளவை மறந்தார். வெட்கத்தில் இருவருக்கும் பேச்சு நின்றது. அதற்குப் பிறகும் பாரூக், மதிலுக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும் என்று செய்தியைச் சத்தமாக வைப்பார்.

இத்தா என்னும் துக்கத் தனிமையில் இருப்பவள் வெளி ஆண்களிடம் குரல் கொடுக்கலாமா என்றெல்லாம் கமர் நிஷா யோசிக்கவில்லை. "அண்ணாச்சி, நீங்க ஒண்ணும் சொல்லலியே."

"நான் என்னத்தச் சொல்ல தாயி? பொறுத்துக்கிட்டேன்னு சொன்னா தப்பு பூரா அவர் மேல போயிரும். ஒரு கிளாஸ் டீக்கு ஒரு மரத்தயே வெட்டுனவன் நான்லா. அவரு என்னைப் பொறுக்கணுமே."

"அவரு அன்னைக்கே பொறுத்துட்டாரு. வாரம் பூரா எங்க வீட்ல முருங்கைக்கா ஆணம்தான். 'ஒரு டீய ஊத்துனதுக்கு இம்புட்டுக் காயையும் எவன் பறிச்சுத் தருவான்'னு சிரிச்சுச் சிரிச்சுத் தின்னாரு."

முதலில் எதிர்வீட்டு நாசர் சிரித்தார். பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத். தெருவே சிரித்தது. கமர் நிஷாவும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அம்பலவாணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தூக்கின் அருகே குனிந்தார். "பொறுத்துக்கிட்டேன் வே. ஆனா யுத்தத்தப் பத்தி நீரு சொன்னது தப்புதான்."

தோள் கொடுத்தவர் பிறகு யாருக்கும் விட்டுக்கொடுக்கவேயில்லை. "அளவாத் தூக்கும் அண்ணாச்சி, எங்களுக்கும் குடும்" என்று நாசர் பின்னாலேயே கெஞ்சிக்கொண்டு போனார்.

அம்பலவாணன் குட்டை. சந்தூக்கு அவர் பக்கமாகச் சற்றே சாய்ந்தபடி தெருமுனை திரும்பியது. ஒரு கை அதைப் பிடித்திருக்க, அவருடைய இன்னொரு கை காற்றில் வாதாடிக்கொண்டே போனது.