பின்னுக்கிருந்து மாப்பிள்ளை பார்த்தது

என் கணவர் இரவீந்திரனுக்குக் கலியாணம் பேசுவதென்றால் துப்பறிவது என்று அர்த்தம். எங்கள் ஒரே மகள் தர்மினிக்கு வந்த சம்பந்தங்களை எல்லாம் விசாரித்து விசாரித்தே கலைத்துவிட்டார். ஒருவன் அதிகம் சிரித்தான், ஆகவே குடிப்பான். இன்னொருவன் சிரிக்கவேயில்லை, ஆகவே எதையோ மறைக்கிறான். கடைசியில் தர்மினி சொல்லிவிட்டாள்: "அப்பா, இதையும் குழப்பினால் இனி எனக்குக் கலியாணமே பேசவேண்டாம்." அவள் சொன்னால் சொன்னதுதான்.

இந்தப் பெடியன் ரிஷிகேசன், நாங்கள் இருக்கிற ஒஸ்லோவிலேயே ட்ராம் ஓட்டுகிறவன். படத்தில் நல்ல முகம், குடும்பமும் நல்ல குடும்பம். ஆனால் முன்பு தொலைவிலுள்ள ஸ்தவாங்கர் நகரில் எண்ணெய்க் கம்பனி எஞ்சினியராக இருந்தவன் என்று தெரிந்ததும் இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்த வேலையை விட்டிட்டு ஆராவது ட்ராம் ஓட்ட வருவானோ? கலைச்சிருப்பாங்கள். இல்லாட்டி வேறை ஏதோ வில்லங்கம்."

"நேரை கேளுங்கோவன்."

"கேட்டால் உண்மை சொல்லுவானோ? நீ ஒரு விசரி, புஷ்பமலர்."

அடுத்த கிழமை லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டார். தனியே விட்டால் இல்லாததையும் கண்டுபிடித்து வருவார் என்று நானும் கூடப் போனேன். வீட்டுக்குப் பக்கத்துக் குரோருட்டில் சுரங்க ரயில் ஏறி, மத்திய நிலையத்துக்கு முன்னால் இறங்கி, வந்த ட்ராம்களை எல்லாம் போகவிட்டோம். பெடியனின் முகம் தெரிந்த ட்ராமில், அவன் காணாதபடி பின்கதவால் ஏறினோம்.

அது புது ரக ட்ராம். மூன்று பெட்டிகளை மடிப்பு மடிப்பான இணைப்பால் கோத்திருந்தார்கள். நடுவில் தளம் தாழ்வு, பிள்ளை வண்டிலை நேரே உருட்டி ஏற்றலாம். இவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. கடைசிப் பெட்டியின் கடைசி இருக்கையில், இருண்ட கண்ணாடி போட்ட ஒரு சின்னக் கதவின் ஓரமாக என்னை இருத்தினார்.

"இஞ்சை இருந்தால் அவனுக்குத் தெரியாது. வளைவிலை எல்லாம் முன்பெட்டி அங்காலை திரும்பியிடும்."

ட்ராம் கொஞ்சம் இழுத்து நின்றால், "இரவு குடிச்சிருக்கிறான்" என்றார். ஓடிவந்த ஒரு வெள்ளைக்காரிக்காக நின்று ஏற்றினான். "பார்த்தியே? பெட்டையளெண்டால் நிப்பாட்டுவான்." அவளுக்கு எழுபது வயதிருக்கும். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

பெரியாஸ்பத்திரிதான் கடைசித் தரிப்பு. எல்லோரும் இறங்கினார்கள்.

"குனிஞ்சுகொண்டு இரு. இப்ப வட்டமடிச்சுத் திரும்பும்."

பழைய ட்ராம்கள் அப்படித்தான். ஆனால் இது அசையவில்லை. பெடியன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ட்ராமின் முழு நீளமும் நடந்து எங்களிடமே வந்தான். எங்கள் பக்கத்துச் சின்னக் கதவைத் திறந்தான். உள்ளே ஓட்டுநர் இருக்கை! இவர் அதைக் கூட்டுகிற தும்புத்தடி வைக்கிற அறை என்று நினைத்திருந்தார்.

எங்களைக் கண்டதும் அவன் முகம் வெளுத்தது. "மாமா... மாமி..."

"இன்னும் ஒண்டும் பேசி முடியேல்லை. அதுக்குள்ளை மாமாவோ?" என்றார் இவர். பிறகு, "இஞ்சையிருந்தும் ஓட்டலாமோ?"

"ஓம். திருப்பத் தேவையில்லை. நீங்கள் இருக்கிறதுதான் இனி முன்பக்கம்." அவன் மணிக்கூட்டைப் பார்த்தான். நெற்றி வியர்த்திருந்தது. "இதிலை வராதேங்கோ. பின்னாலை வாறதிலை போனால் உங்களுக்கு வசதி."

இவருடைய கண் மின்னியது. "எங்களுக்கு இதுதான் தம்பி வசதி."

அவன் உள்ளே போய் ட்ராமை எடுத்தான். இவர் என் காதில், "என்னவோ மறைக்கிறான்" என்றார். இந்த முறை என்னால் மறுக்க முடியவில்லை. உள்ளே விளக்கு எரிந்ததால் கதவுக் கண்ணாடிக்குள் அவனுடைய காது சிவந்திருப்பது தெரிந்தது. வழியில் யாரோ ஏறப்போகிறாள், அது எங்களுக்குத் தெரியக் கூடாது. இதைத் தர்மினிக்கு எப்படிச் சொல்வது?

பல்கலைக்கழகத் தரிப்பில் முன்கதவு திறந்தது. முதலில் ஒரு கை நீண்டது, கையில் நீல மூடிச் சாப்பாட்டுப் பெட்டி. அது என்னுடைய பெட்டி! "கொஞ்சம் கூடப் போடுங்கோ அம்மா, வேலையிடத்துச் சிநேகிதிக்கும் பிடிக்கும்" என்று மகள் கேட்கக் கேட்க, காலையில் நான் அமுக்கி அமுக்கி நிறைத்த பெட்டி.

"இண்டைக்குக் கணவாய்க் கறி" என்றபடி தர்மினி ஏறினாள். எங்களைப் பார்த்தாள்.

ட்ராம் நிற்க முடியாது. பெடியன் கதவைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்கவும் வழியில்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு காலமாய்?" என்று இவர் கேட்டார்.

"ஒண்டாய்ப் படிச்சனாங்கள். ஸ்தவாங்கரிலை எனக்கு வேலை கிடைச்சது ஞாபகமோ அப்பா? தனியப் போய் அங்கை என்ன செய்வாய், ஆரோடை திரிவாய் எண்டு நீங்கள் விடேல்லை."

"ஓம்."

"நான் வரேலாதெண்டு அவர் இஞ்சை வந்தவர். அப்ப கிடைச்ச வேலை இதுதான்."

இவர் கண்ணாடிக்கு அப்பால் தெரிந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் தேடிய வில்லங்கம் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றது.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே, பிள்ளை."

"சொன்னால் விசாரிப்பீங்கள், அப்பா."

எனக்கே வலித்தது, அவருக்கு எப்படி இருந்திருக்கும். மத்திய நிலையம் வந்ததும் நான் எழும்பினேன். இவர் எழும்பவில்லை.

"இவன் எங்கை வைச்சுச் சாப்பிடுறவன்?"

"மற்றக் கடைசித் தரிப்பிலை" என்றாள் தர்மினி.

"அப்ப இரு, புஷ்பமலர். பெடியன் சாப்பிட்டு முடிய நாங்கள் போவம்."