எழுதப்படாத காகம்

மெல்பனில் ஸ்லாவிய மொழிகளை ஆராய்ந்த சத்தியபாமா, 1975இல் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள். காகத்தை ரஷ்யர் 'வொரோனா' என்பர், செக்கர் 'வ்ரானா', சேர்பியர் 'வ்ரன'. இவற்றைப் பெற்ற தாய்ச்சொல்லை எவரும் எழுதிவைக்கவில்லை. பிள்ளைகளின் முகங்களிலிருந்து தாயின் முகத்தை வரைவதுபோல அறிஞர்கள் அதை 'வோர்னா' என மீட்டிருந்தார்கள். அது ஏறுதொனியில் ஒலித்த சொல் என்பது அவர்கள் கணிப்பு. அந்தத் தொனியின் தடயம், உயிரொலி நீள்வதிலும் குறுகுவதிலுமாக, மெல்பனில் குடியேறியவர்களின் பேச்சில் இன்னும் உண்டென்று நிறுவ அவள் புறப்பட்டாள்.

கருத்தரங்கில், பெல்கிரேடில் பிறந்த இலக்கிய விரிவுரையாளர் சிரித்தார்.

"செக்கில் நெடில் என்கிறீர்கள். என் தாய்மொழியில் அது குறில். எங்கே உங்கள் தடயம்? இதெல்லாம் அந்த மொழியில் பிறந்தவர்களின் காதுக்குத்தான் பிடிபடும்."

அவளுக்கு முகம் சுட்டது. "ஒலிப்பதிவோடு வருகிறேன்" என்றாள்.

சனிக்கிழமை ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு குடியேறியவர்கள் வாழ்ந்த ஃபுட்ஸ்கிரே புறநகருக்குப் போனாள். "உன்னை யார் அனுப்பியது?" என்று கேட்டு, உளவாளியென்று எண்ணி, ஒரு சேர்பியர் கதவைச் சாத்தினார். அடுத்த வீட்டில் கதவே திறக்கவில்லை.

"காகத்துக்குப் போய் இந்த அலைச்சலோ? விடுமன்" என்றான் கணவன் கேதீஸ்வரன்.

"விடமாட்டன். நாளைக்கும் போறன்."

மறுநாள் கருவியில்லாமல் போனாள். தெசங்கா என்ற சேர்பியப் பெண் கோப்பி கொடுத்தாள். வேலியில் இருந்த காகத்தைக் காட்டிக் கேட்டபோது "வ்ரன" என்றாள். முதல் உயிர் குறில்தான். நகரத்துக்கு என்ன சொல் என்றதும் "க்ராத்" என்று இழுத்தாள். அங்கே நெடில்! அடுத்த முறை கருவி கொண்டுவந்து பதிவுசெய்யலாமா என்று கேட்டாள். தெசங்கா சம்மதித்துத் தலையசைத்தாள்.

பின்னர் இவா என்ற செக் பெண்ணிடம் காகத்தையும், 'க்ராத்'தின் உடன்பிறப்பாகச் செக்கில் கோட்டையைக் குறிக்கும் சொல்லையும் கேட்டாள். காகம் "வ்ரானா", கோட்டை "ஹ்ரத்". எல்லாம் தலைகீழ்! சேர்பியர் குறுக்கும் இடத்தில் செக்கர் நீட்டினார்கள். அவர்கள் நீட்டும் இடத்தில் இவர்கள் குறுக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மூலமான பழைய மொழியில் காகத்துக்கு ஒரு தொனி, நகரத்துக்கு இன்னொன்று; அந்த வேறுபாடுதான் இப்படி நீளமாகவும் குறுக்கமாகவும் மிஞ்சியிருந்தது. தற்செயலாக இப்படி மாறி விழாது. இவாவின் சமையலறையிலேயே அவள் கைதட்டிவிட்டாள்.

அடுத்த கருத்தரங்கில் இரண்டு குரல்களையும் ஒலிக்கவிட்டாள். விரிவுரையாளர் மூன்று முறை கேட்டார்.

"என் குறில்தான் உங்கள் சாட்சியா?" என்றார் மெதுவாக.

"ஆம். உங்கள் குரலையும் பதிவுசெய்யலாமா?"

அவர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார். ஆய்வேட்டில் இதை ஓர் அத்தியாயமாகச் சேர்க்கலாம் என்றார் அவளை வழிநடத்திய பேராசிரியர்.

வீட்டில் கேதீஸ்வரன் கேட்டான்: "அப்ப முடிஞ்சுதோ?"

"எங்க முடிஞ்சது? இன்னும் போலந்துக்காரர் இருக்கினம்" என்றபடி அவள் புதிய நாடாவைக் கருவியில் பொருத்தினாள்.