சீனியம்மா காதுல சாத்தின ஏணி

உங்க காதுல யாராச்சும் ஏணி சாத்தியிருக்காங்களா? சீனியம்மாவுக்குச் சாத்தினாங்க. செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சோறு வடிச்ச பெறகு.

ஊரை விட்டு வந்து நாக்பூர்ல ஒரு மெஸ்ல சமையல் வேலை அவளுக்கு. கர்ப்பப்பைய எடுத்ததுலருந்து உடம்பு திகுதிகுன்னு எரிஞ்சுது. ஆஸ்பத்திரியில ஹார்மோன் மாத்திரை குடுத்தாங்க. எரிச்சல் நின்னுச்சு. மூணாவது வாரம் மண்டைக்குள்ள அறுந்துபோன ஒறவு லைனெல்லாம் சேக்க ஆள் அனுப்பினாங்க. அந்த மாத்திரை சாப்பிடுற எல்லாருக்கும் அனுப்புவாங்க.

வந்தவன் பேரு துரைப்பாண்டி. காக்கிச் சட்டை. கட்டிங் பிளேயரோட காதுக்குள்ள ஏறினான்.

"தலைய ஆட்டாதீங்கக்கா. வயரு நெறைய தொங்குது."

மொத வயர முறுக்கினான். சீனியம்மா ஓனரைப் பாத்துச் சிரிச்சா. ஒம்பது வருசத்துல அது மொதத் தடவை. அவரு பயந்துபோயி கல்லாப்பெட்டிக்குள்ள எறங்கி மூடிக்கிட்டாரு.

ரெண்டாவத முறுக்கினான். அவ வாசல்ல நின்ன தபால்பெட்டியக் கட்டிப்பிடிச்சு, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டா. இன்னும் இல்லன்னுச்சு. சோறு போட்டா. ரசம் கேட்டுச்சு. ஊத்தினா.

"அக்கா, இங்க ஒண்ணு அறுந்து கெடக்கு. அண்ணன் அழகர்சாமின்னு எழுதியிருக்கு. எலி கடிச்சிருக்குமோ?"

"நான்தான் கடிச்சேன்."

"எப்ப?"

"பதினோரு வருசம் ஆச்சு. அப்பா செத்ததும் அண்ணன் வாரிசு சர்டிபிகேட் வாங்கினாரு. ஒத்தப் புள்ளன்னு எழுதிக் குடுத்துட்டாரு. என் பேரே இல்ல. அன்னையிலருந்து பேச்சு இல்ல."

"சேத்துடுறேன். நாளைக்கே அண்ணேன்னு கூப்பிட்டு அழுவீங்க. மனசு லேசாயிரும்."

"கைய எடு."

"எல்லாத்தையும் சேத்தாத்தான்க்கா மாத்திரை. ஒண்ணு அறுந்து கெடந்தாலும் மாத்திரைச் சீட்டுல கையெழுத்து விழாது."

"ஓனரப் பாத்துச் சிரிச்சாச்சு, இன்னும் என்ன? இத மட்டும் தொடாத தம்பி. இல்லாதவளால யார்கூடயும் பேசாம இருக்க முடியாது. நான் இருக்கேன். அதான் பேசாம இருக்கேன்."

"எரியுமேக்கா."

"எரியட்டும்."

துரைப்பாண்டி பிளேயரப் பையில போட்டான். பெறகு எறங்கி வந்து, ஃபாரத்துல 'வீட்டுக்காரம்மா சம்மதிக்கல'ன்னு எழுதினான். சீனியம்மா அதுல முழுப்பேரையும் போட்டா. அப்பா பேரையும் சேத்து.

மறுநாள் காலையில ஆஸ்பத்திரி ஜன்னல்ல மாத்திரை இல்லன்னுட்டாங்க. சீனியம்மா வேர்த்து ஊத்த ஊத்த மெஸ்ஸுக்கு வந்து எண்பது இட்லி அவிச்சா.